உப்புத்தாளைக் கீழே வை, தம்பி



நீண்ட பதிவு இது. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். முதல் பத்தியைப் பார்த்துவிட்டு லைக் போட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒருவன் இரண்டு படங்கள் போட்டிருந்தான். பழைய ராணுவ ரைபிள்களை வாங்கிச் சீர்செய்வது அவனுடைய பொழுதுபோக்கு. முதல் படத்தில் கறுத்து, அழுக்கேறி, ஆங்காங்கே அடிபட்ட ஒரு .303 ரைபிள். இரண்டாவது படத்தில் அதே ரைபிள், கல்யாண மண்டபத்துச் சோபா மாதிரி பளபளவென்று. 'நாலு மாத உழைப்பு, டீச்சர் பார்த்துவிட்டுச் சொல்லணும்' என்று என் பெயரையும் கோர்த்திருந்தான். கீழே நூறு பேருக்கு மேல் 'சூப்பர்டா', 'மாஸ்', 'வேற லெவல்' என்று எழுதியிருந்தீர்கள்.

நான் ஒரே வரி எழுதினேன்: 'அழித்துவிட்டாயே தம்பி.'

அவ்வளவுதான். 'டீச்சருக்கு வயசாயிடுச்சு', 'ஒரு பையன் ஆசையாகச் செய்ததைப் பாராட்ட மனசில்லை' என்று ஒரு பக்கம். 'பள்ளிக்கூடத்து டீச்சருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன பேச்சு? கொலைக்கருவியை உருக்கிப்போடச் சொல்லாமல், அழித்துவிட்டாயே என்று அழுகிறாரே' என்று இன்னொரு பக்கம். இரண்டாவது ரகத்தில் என் நாத்தனாரும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இன்று பதில். அந்தத் தம்பியிடம் போனில் ஒரு மணி நேரம் பேசி, எழுதட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன். குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

முதலில், எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டீர்கள்.

என் அப்பா தச்சர் வீட்டுப் பிள்ளை. 1942ல் பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கி சுடுகிற வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. உளியும் இழைப்புளியும் பிடிக்கத் தெரிந்தவன் என்று பட்டறையில் போட்டுவிட்டார்கள். அசாம்-பர்மா எல்லைப் பக்கம் மழையிலும் சேற்றிலும் ஊறி, பிளந்து, உடைந்து வரும் ரைபிள்களின் மரக்கட்டைகளைச் சரிசெய்வது அவர் வேலை. உடைந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து, ரேகை ஓட்டம் பார்த்து வேறொரு மரத்துண்டைச் செதுக்கி, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டி, மர ஆணி அடித்து இறுக்குவார். 1946ல் ஊருக்கு வந்து, அதே கையால் ஏரும் கதவும் செய்தார். வீட்டில் எது உடைந்தாலும் 'தூக்கிப் போடாதே, ஒட்டுப் போட்டுக்கலாம்' என்பார். ஆக, ரைபிளின் கட்டையைப் பற்றி எனக்கு யூடியூப் வரும் முன்பே கொஞ்சம் தெரியும். மற்றதெல்லாம் ஓய்வுக்குப் பிறகு தேடித் தேடிப் படித்தது.

இப்போது அந்தப் படத்துக்கு வருவோம்.

அந்த ரைபிளின் பெயர் லீ-என்ஃபீல்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்கரான ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் பெயரும், இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் தொழிற்சாலையின் பெயரும் சேர்ந்தது. பத்துத் தோட்டா மேகசின். 1907ல் வந்த மூன்றாம் மார்க் வகையை இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் தூக்கிச் சுமந்தது. நம் ஊரில் போலீஸ்காரர் தோளில் தொங்கிய 'திரீ நாட் திரீ' இதுதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடைகொடுத்தது என்றால், எவ்வளவு காலம் உழைத்த பொருள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் இருப்பது இங்கிலாந்தில் செய்ததல்ல. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். போல்ட்டுக்குக் கீழே, மரமும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ., பிறகு இஷாப்பூர், 1943. ஜி.ஆர்.ஐ. என்பது 'ஜார்ஜ், அரசர், பேரரசர்' என்பதன் லத்தீன் சுருக்கம். விடுதலைக்குப் பிறகு அதே தொழிற்சாலையில் செய்த ரைபிள்களில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே உருவத்தை 7.62 தோட்டாவுக்கு மாற்றி, பன்னிரண்டு தோட்டா மேகசினோடு செய்தார்கள். ஒரு நாட்டின் அதிகாரம் கைமாறிய கதையை, ஒரு ரூபாய் நாணயம் அகலமுள்ள இரும்பில் படிக்கலாம். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் நான் மூச்சுமுட்ட நடத்தியதை அந்த முத்திரை ஒரு நொடியில் சொல்லிவிடும்.

இரண்டாவது படத்தில் அந்தக் கிரீடம் எங்கே? எமரி தாளும் பஃப் சக்கரமும் போட்டுத் தேய்த்ததில் பாதி மழுங்கிவிட்டது. 1943ல் கடைசி எண் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. பின்கட்டையில் குத்தியிருந்த ஆய்வு முத்திரைகளும், ஏதோ ஒரு படைப்பிரிவின் கொட்டடியில் எத்தனையாவது இடத்தில் நின்றது என்று சொல்லும் எண்ணும் உப்புத்தாளோடு போயேபோய்விட்டன. முன்கட்டையின் வலப்பக்கம் கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் ஒட்டு இருந்தது. சதுரமான துண்டு, நிறம் லேசாக வேறு, நடுவில் மர ஆணியின் வட்டம். அது 'அசிங்கமாக' இருந்ததாம். முன்கட்டையையே மாற்றிப் புதுக்கட்டை போட்டுவிட்டான்.

அந்த ஒட்டைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அது என் அப்பா போட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சினிமாக்கதை ஆகிவிடும். ஆயிரக்கணக்கான ரைபிள்கள், நூற்றுக்கணக்கான தச்சர்கள். ஆனால் யாரோ ஒருவருடைய அப்பா போட்டது. பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒருவரின் கைவேலைக்கு அந்தச் சதுரம் ஒன்றுதான் சாட்சி. அதைக் கழற்றி வைத்துவிட்டு, இயந்திரம் கடைந்த கட்டையைப் போட்டு, 'ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவந்துட்டேன் டீச்சர்' என்கிறான். எது தம்பி ஒரிஜினல்? 1943ல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த முதல் நாள் மட்டுமா? அதற்குப் பிறகு அது இருந்த எண்பது வருஷம் கணக்கில் சேராதா?

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பெரிய நோயே இந்த எண்ணம்தான்: பழையது என்றால் குறை, புதிதாகத் தெரிந்தால் சீர். அமெரிக்காவில் இதற்கு ஒரு சரித்திரமே உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நாடு நாடாக மிச்சமான ரைபிள்கள் அங்கே குவிந்தன. 1950களிலும் 60களிலும் தபாலில் பணம் கட்டி, வீட்டு வாசலில் வாங்கிக்கொள்ளலாம். மலிவு. வாங்கியவர்கள் மான் வேட்டைக்கு ஏற்றபடி கட்டையை அறுத்து, குழலை வெட்டி, பார்வைக்குறியைப் பிடுங்கி எறிந்தார்கள். இலட்சக்கணக்கில் கிடைத்ததால் யாரும் கவலைப்படவில்லை. இன்று அறுபடாத ஒன்றைத் தேடி அலைகிறார்கள், அறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

1963ல் கென்னடியைச் சுட்ட ரைபிளும் அப்படித் தபாலில் வந்த இத்தாலிய ராணுவ மிச்சம்தான். தொலைநோக்கியோடு சேர்த்து, அனுப்பும் கூலி தவிர 19.95 டாலர். அதன் பிறகு நடந்த விவாதங்களின் விளைவாக 1968ல் சட்டம் வந்து தபால் விற்பனையும் ராணுவ மிச்ச இறக்குமதியும் நின்றன. 1984ல் சட்டம் கொஞ்சம் தளர்ந்ததும் சேகரிப்பாளர்களுக்கான பழைய ரைபிள்கள் மறுபடி இறங்கின. அங்கே ஐம்பது வயதான துப்பாக்கி சேகரிப்புப் பொருளாகக் கணக்கு. மூன்று வருஷத்துக்கு முப்பது டாலர் கட்டினால் தனி உரிமம். தம்பியிடம் அது இருக்கிறது. சட்டப்படிதான் எல்லாம் செய்கிறான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உலகம் முழுக்க இந்தப் பழைய ரைபிள்களில் இருக்கும் வடுக்களைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜப்பானின் அரிசாகா ரைபிள்களில் பேரரசரின் சாமந்திப்பூ முத்திரை இருக்கும். 1945ல் சரணடைந்தபோது, அடுத்தவன் கையில் கொடுக்கும் முன் அந்தப் பூவைத் தேய்த்து அழித்தார்கள். ஆகவே பூ அழிந்த அரிசாகா என்றால் தோற்றுச் சரணடைந்தது என்று பொருள். சிலர் இன்று அந்த இடத்தில் புதிதாகப் பூ வெட்டி 'சீர்செய்து' வைக்கிறார்கள். அது பொய்ச்சான்றிதழ் தயாரிப்பது மாதிரி. ஒரு நாடு தலைகுனிந்த தருணம் அந்தத் தேய்ந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜெர்மானிய மவுசர் ரைபிள்களைச் சோவியத் படைகள் பிடித்து, கழற்றி, கலந்து, மறுபடி பூட்டி, கட்டைக்குச் செந்நிற அரக்கு மெருகு பூசிக் கிடங்கில் வைத்தன. 'அரக்கு அசிங்கம்' என்று அதைச் சுரண்டி எடுப்பவர்கள், அது கைமாறிய கதையையே சுரண்டி எடுக்கிறார்கள். புதிதாகப் பிறந்த இஸ்ரேல் அதே வகை மவுசர்களைச் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வாங்கியது. அவற்றில் சிலவற்றில் நாஜி முத்திரையும், பிறகு குத்திய தாவீதின் நட்சத்திரமும் ஒரே இரும்பில் இருக்கின்றன. யாரைக் கொல்ல எந்த ஆட்சி செய்ததோ, அவர்களே அதை ஏந்தி நின்றிருக்கிறார்கள். ஒருவன் அருவருப்பில் நாஜி முத்திரையைத் தேய்த்தால் கதை பாதி போச்சு. இன்னொருவன் நட்சத்திரத்தைத் தேய்த்தால் மீதியும் போச்சு.

நம் இஷாப்பூர் ரைபிள்களுக்கு வருகிறேன். பல ரைபிள்களின் முன்கட்டையில் மேகசினுக்கு முன்னால் குறுக்கே ஒரு ஸ்க்ரூ இருக்கும். மரம் பிளக்காமல் இருக்க நம் பட்டறைகளில் போட்டது. சேகரிப்பாளர்கள் அதற்கு 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சில ரைபிள்களில் முன்கட்டையைச் சுற்றிக் கம்பி இறுக்கிச் சுற்றியிருக்கும். கையெறி குண்டை ரைபிள் முனையில் வைத்து ஏவும்போது கட்டை சிதறாமல் இருக்க. இரண்டையும் 'யாரோ பண்ணின கோளாறு' என்று நினைத்து ஓட்டையை அடைக்கிறார்கள், கம்பியை அவிழ்க்கிறார்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. நம் பள்ளியில் என்.சி.சி. பையன்கள் தோளில் வைத்து அணிவகுத்த ரைபிளில் 'டி.பி.' என்று குத்தியிருந்தது நினைவிருக்கிறதா? பயிற்சிக்கு மட்டும் என்று பொருள். தேய்ந்து, இனிச் சுடத் தகாது என்று ஒதுக்கிய ரைபிள்கள். அப்படிப்பட்ட ஒன்று கைமாறிக் கைமாறி ஒரு பொழுதுபோக்குக்காரரிடம் வந்து, அவர் அந்த இரண்டு எழுத்தையும் அழகுக்காகத் தேய்த்துவிட்டால், அடுத்து வாங்குபவன் தோட்டா போட்டு, கன்னத்தில் வைத்து, விசையை இழுப்பான். முத்திரை என்பது சும்மா அலங்காரமா?

இப்போது என் நாத்தனார் கட்சிக்கு வருகிறேன்.

'மனுஷனைக் கொன்ற பொருளை வீட்டில் வைத்துக் கொஞ்சுவது என்ன பழக்கம்?' நியாயமான கேள்வி. நான் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து குழந்தைகளைச் சுடுகிற செய்தி அந்த நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு இரவு தூக்கம் போகிறது. முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் நின்றவள் நான். இந்தத் தம்பியிடம் நான் முதலில் கேட்டதும் கட்டையைப் பற்றி அல்ல, 'பூட்டி வைத்திருக்கிறாயா? சாவி யாரிடம்? தோட்டா தனியாக இருக்கிறதா? உன் பெண் குழந்தைக்கு எட்டுமா?' என்றுதான். சரியாகப் பதில் சொன்னான். இரும்புப் பெட்டி, தனிப் பூட்டு, தோட்டா வேறு அறையில்.

ஆனால் உருக்கிப்போடு என்பதை நான் ஏற்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். அங்கே ஆயுதக் கூடத்தில் வாளும் ஈட்டியும் கட்டாரியும் பார்த்துவிட்டு வந்தீர்கள். அவையும் ரத்தம் பார்த்தவைதான். யாரும் உருக்கச் சொல்லவில்லையே. ஏன்? அவை எந்தக் காலத்துடையவை, எங்கிருந்து வந்தவை என்ற அடையாளத்தோடு இருக்கின்றன. நமக்கு எதையோ சொல்கின்றன.

அங்கேதான் என் வாதம் இருக்கிறது, இரண்டு கட்சிக்காரர்களும் கவனியுங்கள். ஒரு பழைய ராணுவ ரைபிளை வீட்டில் வைத்திருப்பதற்கு ஒருவன் சொல்லக்கூடிய ஒரே மரியாதையான காரணம், அது சரித்திரம் என்பது. அந்தச் சரித்திரம் முழுக்க அதன் முத்திரைகளிலும், எண்களிலும், ஒட்டுகளிலும், கைபட்டுக் கறுத்த மரத்திலும் இருக்கிறது. அதையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது என்ன? சுடக்கூடிய ஓர் இரும்புக் குழாய். அப்போது என் நாத்தனார் சொல்வதுதான் சரி. உப்புத்தாளை எடுத்த நிமிஷமே, தம்பி, உன் பொழுதுபோக்குக்கு இருந்த நியாயத்தை நீயே தேய்த்துவிட்டாய்.

'என் காசு, என் பொருள் டீச்சர்' என்றான் போனில். காசு உன்னுடையதுதான். உனக்கு முன்னால் எண்பது வருஷம் அது வேறு யார் யாரிடமோ இருந்தது. உனக்குப் பின்னால் வேறு யாரிடமோ போகும். நடுவில் நீ பத்திருபது வருஷம் காவல் இருக்கிறாய். காவலுக்கு நிற்பவன் பூட்டை மாற்றலாம், சுவரில் இருக்கும் எழுத்தைச் சுரண்டலாமா?

சுவர் என்றதும் நினைவு வருகிறது. நம் கோயில்களில் என்ன நடந்தது? கும்பாபிஷேகத்துக்குச் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரம் வைத்து மணலை வீசி அடித்தார்கள். கல் புதிதுபோல் வெளுத்தது. கூடவே சிற்பங்களின் மூக்கும் விரலும், ஆயிரம் வருஷக் கல்வெட்டுகளின் எழுத்தும் தேய்ந்துபோயின. கல்வெட்டு அறிஞர்கள் கத்திக் கத்தித்தான் அந்த மணல் வீச்சுக்குத் தடை வந்தது. அப்போது நீங்கள் எல்லோரும் 'அடப்பாவிகளா' என்றீர்கள். இதே குழுவில் பகிர்ந்தீர்கள். கோயில் சுவரில் அடித்தால் பாவம், இஷாப்பூர் முத்திரையில் தேய்த்தால் 'வேற லெவல்'. என்ன நியாயம் இது?

சரி, குறை மட்டும் சொன்னால் ஆசிரியர் வேலை முடியாது. எப்படிச் செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் மற்ற மாணவர்கள் இரண்டு மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள்.

ஒன்று: கை வைக்கும் முன் படம் எடு. எல்லாப் பக்கமும், எல்லா முத்திரையும், பக்கவாட்டு வெளிச்சத்தில். ஒரு நோட்டில் எழுது.

இரண்டு: கிடங்கில் வைத்த ரைபிள்களில் காஸ்மோலின் என்ற கெட்டிக் கிரீஸ் அப்பியிருக்கும். அதை எடுக்க வேண்டியதுதான். இரும்பில் இருப்பதை ஸ்பிரிட் வகைத் திரவத்தால் துடை. மரத்தில் ஊறியதைக் காகிதம் சுற்றி, கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வை. உருகிக் காகிதத்தில் இறங்கும். நாலு முறை மாற்று. பொறுமைதான் வேண்டும், உப்புத்தாள் வேண்டாம்.

மூன்று: துரு பரவினால் பொருளே போய்விடும். எண்ணெயும் மெல்லிய பஞ்சும் வைத்து, உயிருள்ள துருவை மட்டும் எடு. முத்திரை இருக்கும் இடத்துக்குப் போகாதே. புதிதாக நீல மெருகு ஏற்றாதே.

நான்கு: மரம் வறண்டிருந்தால் பச்சை ஆளிவிதை எண்ணெய், நம் ஊர்க் கடையில் லின்சீட் ஆயில், ஒரு துளி கையில் விட்டுத் தேய். பட்டாளத்தில் அதைத்தான் தேய்த்தார்கள். வார்னிஷ் கூடாது. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடு.

ஐந்து: சுடுவதாக இருந்தால், விஷயம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான். போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். பழைய ராணுவத் தோட்டாக்களில் பல வெடித்தபின் குழலுக்குள் உப்பை விடும். அது ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துரு ஏற்றும். எண்ணெயால் உப்பு போகாது, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகு எண்ணெய் போடு. ஆபத்தான பாகம் என்றால் மாற்று, தப்பில்லை. மாற்றியதை எழுதி வை, கழற்றியதைப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டு.

ஆறு: எண்கள் ஒத்துப்போகவில்லை என்று புது எண் குத்தாதே. போல்ட்டில் ஓர் எண்ணும் உடலில் ஓர் எண்ணும் இருந்தால், அதுவும் ஒரு செய்தி. விலை கூட்டுவதற்காக எண்ணை மாற்றிக் குத்துவது திருட்டு.

ஏற்கெனவே அறுத்துப் பாழான ஒரு வேட்டை ரைபிள் கிடைத்தால்? அதற்குப் பழைய கட்டை தேடிப் பூட்டி நிமிர்த்துவது நல்ல வேலை. நானே பாராட்டுவேன். நீ பூட்டியது எது, முதலில் இருந்தது எது என்று அடுத்தவனுக்குச் சொல்லிவிடு, போதும். திரும்பக் கழற்றி எடுக்கக்கூடியதைத் தாராளமாகச் செய். திரும்ப வராததைத் தொடாதே. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்கிறேன்.

இங்கே தமிழ்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு ஆசைப்படாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் .303 சாதாரண ஆளுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதனால்தான் உரிமம் உள்ளவர்களுக்கு .315 என்று வேறு ரகம் விற்கிறார்கள். உரிமம் இருந்தாலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது. தாத்தா காலத்துத் துப்பாக்கி எதுவும் வீட்டுப் பரணில் கிடந்தால், எண்ணெய் தேடாமல் வக்கீலையும் காவல் நிலையத்தையும் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

அப்பா பட்டாளத்திலிருந்து வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார். ஆலிவ் பச்சை. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் படை எண்ணும், பெயரும், பிரிவும் எழுதியிருக்கும். அவர் 1979ல் காலமானார். 1983ல் தங்கை கல்யாணத்துக்குச் சீர் வைக்கப் பெட்டி வேண்டும். புதிது வாங்க வசதியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் சுறுசுறுப்பு அதிகம் எனக்கு. உப்புத்தாள் வாங்கி, அந்தப் பெட்டியை ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். ஊதா எனாமல் இரண்டு கை அடித்தேன். பெட்டி ஜொலித்தது. தெருவே பாராட்டியது. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, இரண்டாம் உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்கு மாநில அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது என்று தெரிந்தது. அப்பாவின் விடுவிப்புச் சான்றிதழைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. படை எண்ணைச் சொல்லுங்கள், பழைய பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம் என்றார்கள். எண் எங்கே இருந்தது? பெட்டி மூடியில். பெட்டி மூடியை யார் தேய்த்தது? நான். எனாமலைச் சுரண்டிக்கூடப் பார்த்தேன். கீழே வெறும் தகரம். அவர் பெயரில் எத்தனையோ பேர், ஊர்ப் பெயர் எழுத்துப்பிழையோடு. கிடைக்கவில்லை. அந்தப் பணம் ஒரு மாதம்கூட வாங்காமல் அம்மா போய்ச் சேர்ந்தாள். பணத்தைவிட, 'உங்கப்பா பட்டாளத்துல இருந்ததுக்கு ஒரு எழுத்துகூட மிச்சமில்லையாடி' என்று கேட்டாளே, அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் அந்த ஒரு வரி எழுதினேன் தம்பி. உன்னைத் திட்ட அல்ல. நீ செய்ததை உனக்கு நாற்பது வருஷம் முன்னால் செய்தவள் எழுதினாள்.

பின்கட்டை போனது போனதுதான். முத்திரையும் திரும்பாது. ஆனால் அந்த ஒட்டுப் போட்ட முன்கட்டை கராஜ் மூலையில்தான் கிடக்கிறது, இன்னும் குப்பைக்குப் போகவில்லை என்று சொன்னாய். அதை எடுத்துத் துடை. உப்புத்தாள் படக்கூடாது. ரைபிளில் திரும்பப் பூட்டு. அழகாக இருக்காது. பரவாயில்லை. உன் பெண் வளர்ந்து 'இது என்னப்பா சதுரமா ஒட்டு?' என்று கேட்பாள். சொல்வதற்கு உனக்கு ஒரு கதை இருக்கும்.

மற்ற எல்லோருக்கும் வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருக்கும் பழைய பெட்டி, அண்டா, கடிகாரம், தையல் மெஷின் எதையாவது இறக்குங்கள். அதில் இருக்கும் பெயர், எண், தேதி எதுவானாலும் ஒரு நோட்டில் எழுதி, படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். பெயிண்ட் அடிப்பதெல்லாம் அப்புறம். வந்து திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

பின்குறிப்பு: நாத்தனார் இதைப் படித்துவிட்டு, 'அந்த ஊதாப் பெட்டி எங்கள் வீட்டில்தானே இருக்கிறது அண்ணி, எடுத்துக்கொண்டு போங்கள்' என்று போன் செய்தாள். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். மறுபடி பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதே.